அளக்காத சரிவு

மங்கையர்க்கரசி என்ற பெயருக்கே நான்கு புள்ளிகள் போய்விட்டன.

“பேர் நீளமா இருந்தா கேக்கறவங்க பாதியிலயே விட்டுடறாங்க மேடம்,” என்றான் நிஜாமுதீன். “டாக்டர் மங்கைன்னு போட்டுக்கலாமா? நாலும் அப்படியே திரும்பி வந்துடும்.”

அவள் சரி என்றாள். பெயர்தானே.

சென்னையில் எண்திசை தொலைக்காட்சியின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி அளவுக்கு அதிகமாகக் குளிர்ந்தது. நிஜாமுதீன் அங்கே அறிவியல் நிகழ்ச்சியின் தயாரிப்பாளன். வயதுக்கு மீறி நரைத்தவன், எதையும் மெதுவாகவே சொல்பவன். அவள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் பேராசிரியை. மலைச் சரிவுகள் மழையில் எப்படி நெகிழ்கின்றன, எந்தக் கட்டத்தில் பிடியை விடுகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கோத்தகிரிப் பக்கம் மஞ்சூத்து என்ற எஸ்டேட் குடியிருப்புக்கு மேலே மலை விரிசல் விட்டிருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

எதிரே திரையில் அவள் முகம் உறைந்து நின்றது. காலையில் பத்து நிமிடம் பேசவைத்து எடுத்த பதிவு. முகத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் 31 என்று இருந்தது.

“முப்பத்தொண்ணுன்னா?”

“நூறு பேர் பாத்தா முப்பத்தொரு பேர் நீங்க சொல்றத நம்புவாங்க. எழுபது இருந்தாத்தான் நாங்க ஒளிபரப்ப முடியும். சட்டம் மேடம்.”

அவளுக்குச் சட்டம் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருங்காய்ச்சல் வருடத்தில் டாக்டர்கள் டிவியில் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. எவனோ ஒருவன் போனில் இலைக் கஷாயம் விற்றான், அவனை எல்லோரும் நம்பினார்கள். சுடுகாடுகளில் இடம் இல்லாமல் போன பிறகு ஒரு கமிஷன் போட்டார்கள். நம்பப்படாத உண்மை சொல்லப்படாத உண்மைக்குச் சமம் என்று கமிஷன் எழுதியது. அதற்குப் பிறகுதான் நம்பிக்கையை அளக்கும் மீட்டர் வந்தது.

“இது எப்படி வேல செய்யுது?” என்று கேட்டாள்.

“பத்தாயிரம் வீட்டுல டிவி பாக்கறவங்க முகத்தப் படம் புடிச்சாங்க மேடம். புருவம் எப்ப தூக்குது, கை எப்ப ரிமோட்டுக்குப் போகுது, எந்த வாக்கியத்துல பக்கத்துல இருக்கறவங்களப் பாக்கறாங்க, எல்லாம். இப்ப வீடே வேணாம். முகம், குரல், வாக்கியம் மூணும் குடுத்தா மிஷினே சொல்லிடும்.”

“சொல்றது உண்மையா பொய்யான்னு சொல்லுமா?”

“அது அதோட வேல இல்ல மேடம்.”

அவன் திரையை நகர்த்தினான். 31 எப்படி வந்தது என்று கீழே விவரம் இருந்தது. நிஜாமுதீன் ஒவ்வொன்றாக வாசித்தான். பேச்சில் இடைவெளி அதிகம். திருநெல்வேலி வாடை: அறிவியலில் ஐந்து குறைகிறது, அதே பேச்சு சமையல் நிகழ்ச்சி என்றால் ஆறு கூடும். பெண் ஒருத்தி குழந்தை நோயைப் பற்றிப் பேசினால் கூடுகிறது, மலையைப் பற்றிப் பேசினால் குறைகிறது. நிறம் என்று ஒரு வரி இருந்தது. அதை அவன் வாசிக்காமல் அடுத்த வரிக்குப் போனான். அவளே வாசித்துக்கொண்டாள்.

யாருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையோ பார்ப்பது போல இருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

“நான் வேண்டாம்னா யாரு பேசுவா?”

“வைத்தீஸ்வரன் சார்.”

வைத்தீஸ்வரனைத் தெரியாத தமிழர் இல்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வெள்ளைத் தாடி, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். வால்நட்சத்திரம் வந்தாலும், காலரா வந்தாலும், வெங்காயத்தில் புழு வந்தாலும் அவர்தான் டிவியில் வருவார். அவருடைய எண் 88.

“அவரு மஞ்சூத்துக்குப் போயிருக்காரா?”

“ஊட்டிக்குப் போயிருக்கார்னு நெனைக்கிறேன்,” என்றான் நிஜாமுதீன். சிரிக்கவில்லை. “நீலகிரி கோடிக்கணக்கான வருஷமா நிக்கிற பாற, பயப்படாதீங்கன்னு சொல்வார். எங்க எம்.டி.க்கு அதுதான் வேணும். ஆனா எழுபதத் தாண்டினவங்கள்ல யாரப் போடறதுங்கறது என் கையில இருக்கு. உங்கள எழுபத்தொண்ணுக்குக் கொண்டுவந்துட்டேன்னா போதும், உங்களப் போடுவேன். அதுக்குத்தான் உங்கள இவ்ளோ தூரம் வரச் சொன்னேன்.”

அவன் நல்லவன். அது அவளுக்குத் தெரிந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பிறகும் அதை அவள் மறுக்கவில்லை.

மஞ்சூத்தில் அவள் நேரில் சொல்லிப் பார்த்திருந்தாள். மேல் வரிசையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு மண் பிளந்து வளைந்து போயிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஊற்றில் தண்ணீர் கலங்கி வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். ஒரு வீட்டிலும் யாரும் பாத்திரத்தைக்கூட நகர்த்தவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் அவளுடைய அறிக்கைக்கு, பெறப்பட்டது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். “டிவியில வந்துச்சுன்னா ஜனங்களே கிளம்பிடுவாங்க மேடம்,” என்று ஒரு அதிகாரி யோசனை சொன்னார். அந்த யோசனைதான் அவளை இந்த அறைக்குக் கொண்டுவந்தது.

வேலையை ஆரம்பித்தார்கள்.

முதலில் முகம். மேக்கப் அறையில் ஒரு பெண் வந்து அவள் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கினாள். மூக்குக் கண்ணாடியை மாற்றினாள். காட்டன் புடவைக்குப் பதிலாக நீலத்தில் ஒரு கோட். பக்கத்து நாற்காலியில் வைத்தீஸ்வரன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ நிகழ்ச்சிக்காக வந்திருந்தார், காந்தப் புயலோ என்னவோ. அவளைக் கண்ணாடியில் பார்த்து வணக்கம் சொன்னார்.

“உங்க கட்டுரை ஒண்ணு படிச்சேன்மா. நல்ல வேலை.”

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “அப்பம் மஞ்சூத்து இறங்கும்னு உங்களுக்கும் தெரியும்லா சார்?”

“இறங்கலாம்னு போட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“நான் ‘லாம்’ போட்டுப் பேசி இருபது வருஷம் ஆச்சு,” என்றார். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. “முதல் தடவதான் ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் யோசனையே அப்படித்தான் வரும். யோசிக்கும்போதே வெட்டிட்டு யோசிப்போம்.”

மேக்கப் பெண் அவர் தாடியில் பவுடரை ஊதிவிட்டாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது 46.

அடுத்தது ஆதாரம். அவள் மண் விரிசலைப் படம் எடுத்து வந்திருந்தாள், அளவு தெரியப் பக்கத்தில் தன் பேனாவை வைத்து. மீட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தரையில் ஒரு கீறல், அவ்வளவுதான். நிஜாமுதீன் வேறொரு படத்தைப் போட்டான். ஏதோ ஒரு நாட்டில் ஒரு மலை முழுசாக வழுக்கி வந்து ஒரு தெருவை மூடும் காட்சி. எண் ஐம்பத்தைந்துக்குத் தாவியது.

“இது வேற மாதிரி மண்ணு. அங்க நடந்தது எரிமலச் சாம்பல்ல. இங்க அப்படி நடக்காது.”

“ஓரத்துல மாதிரிக் காட்சின்னு போட்டுடறேன் மேடம்.”

“எழுத்து தெரியுமா?”

“சின்னதாத் தெரியும்.”

பிறகு வாக்கியங்கள். இதற்குத்தான் நேரம் பிடித்தது. அவள் எழுதி வந்திருந்தது அரைப் பக்கம். ஒரு மாதம் வறண்டு கிடந்து, அதன்பின் இரண்டு நாளில் இவ்வளவு மழை கொட்டினால், மேல் வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள சரிவு இறங்கலாம். அப்படிக் கொட்டினால் அங்கிருப்பவர்கள் வெளியேற வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேயிலை ஃபேக்டரி பாறை மேல் நிற்கிறது, அங்கே போவது நல்லது. பள்ளிக்கூடம் மேல் வரிசையைவிடப் பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் பின்புறச் சரிவை இன்னும் அளக்கவில்லை.

‘இறங்கலாம்’ ‘இறங்கும்’ ஆனது. மழை அளவு போயிற்று. எண்களைக் கேட்டால் ஜனங்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறார்கள் என்றான் நிஜாமுதீன். மழை வலுத்தால் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். 63.

ஃபேக்டரி என்று அவள் சொன்ன இடத்தில் எண்ணில் ஐந்து குறைந்தது.

“ஏன்?”

நிஜாமுதீன் யோசித்தான். “மேனேஜ்மென்ட் கேட்டத் தொறந்து விடும்னு யாரும் நம்ப மாட்டாங்க மேடம். நானே நம்ப மாட்டேன்.”

அது நியாயமாகத்தான் பட்டது. மேலும், இரண்டு இடம் சொன்னால் குழப்பம். ஃபேக்டரியை எடுத்தார்கள். 68.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“இதயும் எடுத்துப் போட்டுப் பாக்கட்டுமா? சும்மா பாக்கறதுக்கு,” என்றான்.

பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தின் பின்புறச் சரிவை இன்னும் அளக்கவில்லை என்ற வாக்கியம் இல்லாமல் 74. இருந்தால் 68.

“அளக்கலன்னு சொல்லுதது பொய் இல்லியே,” என்றாள் அவள்.

“பொய்னு யாரும் நெனைக்கல. அளக்கலன்னு நீங்க சொன்ன உடனே, மத்ததயும் அளந்துதான் சொல்றீங்களான்னு நெனைக்கிறாங்க. அந்த வாக்கியம் முன்னாடி சொன்ன எல்லாத்தயும் இழுத்துக்கிட்டுப் போகுது.”

“நான் பாக்காத எடத்தப் பாத்தேன்னு சொல்ல முடியாதுல்லா.”

“பாத்தேன்னு சொல்ல வேணாம். பாக்கலன்னு சொல்ல வேணாம். அவ்ளோதான்.”

நிஜாமுதீன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

“மேடம், நான் உங்களக் கட்டாயப்படுத்தல. இப்படியே விட்டுட்டு நீங்க ரயில் ஏறிடலாம். வைத்தீஸ்வரன் சார் கீழதான் இருக்கார். இன்னிக்கே ரெக்கார்ட் பண்ணிடுவோம். பயப்படாதீங்கன்னு அவர் சொன்னார்னா மேல் வரிசையில ஒருத்தர் நகர மாட்டாங்க. நீங்க சொன்னா நகருவாங்க. பள்ளிக்கூடம் மேல் வரிசையவிட நல்ல எடமா, இல்லையா?”

“நல்ல எடந்தான். ஆனா...”

“அந்த ஆனாவுக்குத்தான் ஆறு புள்ளி போகுது.”

அடுத்த வாரம் போய் அந்தப் பின்புறத்தை அளந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். மோசமாக இருந்தால் திரும்பவும் வந்து சொல்லலாம். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“மழை வலுத்தால் மேல் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.” நீலக் கோட்டும் வெளுத்த முகமுமாக இதை அவள் கேமராவைப் பார்த்துச் சொன்னாள், இடைவெளி இல்லாமல், எந்த ஊர் வாடையும் இல்லாமல்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மஞ்சூத்தில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எஸ்டேட் யூனியன்காரர் ஒருவர் போன் செய்து சொன்னார். வீடு வீடாக அவள் நடந்து சொன்னபோது நடக்காதது ஒரே நாளில் நடந்தது. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மழை முந்திக்கொண்டது. அவள் கருவிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று வங்காள விரிகுடாவில் திடீரென்று புயல் ஒன்று உருவாகி, கரையைக் கடந்து, மலைமேல் போய் நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே சாலையை மூடிவிட்டார்கள். மறுநாள் காலையில் மேல் வரிசை இறங்கியது. லயன் வீடுகள் மொத்தமும், தேயிலையோடும் மரங்களோடும், பள்ளத்துக்குப் போயின. உள்ளே ஒருவரும் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

செய்தி வந்ததும் அவள் தாலுகா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பல தடவைக்குப் பிறகு ஒருவர் எடுத்தார். பின்னணியில் மழையும் பலர் ஒரே சமயத்தில் பேசும் சத்தமும் கேட்டன. டிவியில் மஞ்சூத்தைப் பற்றிப் பேசியவள் என்று சொன்னாள்.

“மேடம், நீங்களா! தெய்வம் மாதிரி சொன்னீங்க மேடம். ஒரு உயிர் போகல. எல்லாரும் ஸ்கூல்ல பத்திரமா இருக்காங்க.”

“சார், அத சொல்லத்தான் கூப்பிடுதேன். ஸ்கூலுக்குப் பின்னாலயும் சரிவு இருக்கு. அத நான் அளக்கல. இவ்வளவு மழைக்கு அங்க வச்சிருக்கக் கூடாது. ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அது பாற மேல நிக்கிது.”



“நீங்க யார் பேசறது?”

“நான்தான் சார். மங்கையர்க்கரசி.”

“டிவியில மங்கைன்னுல்ல போட்டாங்க? குரலும் வேற மாதிரி இருக்கே.”

“நான்தான் சார், அது நான்தான்.”

“டிவியில நீங்க இப்படிச் சொல்லலையே மேடம். ஸ்கூலுக்குப் போங்கன்னுதான் சொன்னீங்க. நானே பாத்தேன்.” அவர் எரிந்து விழவில்லை. களைத்த மனிதர் பொறுமையாகத்தான் பேசினார். “இந்த மழையில குழந்தைங்கள ரோட்டத் தாண்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க. யார்னு தெரியாம நான் எப்படி... சரி, பாக்கறேன். வைங்க.”

அவள் மறுபடி கூப்பிட்டாள். நிஜாமுதீனைக் கூப்பிட்டாள், அவன் தனக்குத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டான். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பெண் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அன்று மதியம் பள்ளிக்கூடத்தின் பின்புறச் சரிவு இறங்கியது. பெரிய சரிவு இல்லை. கட்டிடத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. சமையலறையை ஒட்டிய அறையில் அடுப்புச் சூடு இருந்தது என்று குழந்தைகளை அங்கேதான் படுக்க வைத்திருந்தார்கள். பதினொரு பேர் இறந்தார்கள். அதில் நாலு பேர் பெரியவர்கள்.

அந்த வாரம் அவள் பருவத்தேர்வுத் தாள்கள் திருத்தினாள். ஒரு கட்டு முழுவதும். பின்னால் சரிபார்த்த சக பேராசிரியர் கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை என்று வியந்தார். தாளில் ஒரு மாணவன் மண்ணரிப்பு என்பதற்குப் பதில் மண்ணிரப்பு என்று எழுதியிருந்தான். அவள் அதை வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்தாள்.

யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை உதவியிருக்கும். செய்தித்தாள்களில், ஒரு கிராமத்தையே காப்பாற்றிய பெண் என்று வந்தது. இருநூறு பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அது பொய்யில்லை. ஒரு அமைச்சர் சால்வை போட்டார். மேடையில் மைக்கைக் கொடுத்தபோது, “பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி நான் அளக்கல. அது தெரிஞ்சும் அங்க போகச் சொன்னேன்,” என்றாள். கூட்டம் கை தட்டியது. மறுநாள் பத்திரிகையில் அவளுடைய தன்னடக்கத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது.

நிஜாமுதீன் ஒரு சாயங்காலம் போன் செய்தான். வெகு நேரம் நலம் விசாரித்தான். அவன் அழுதிருப்பான் போலிருந்தது, மூக்கு அடைத்திருந்தது.

“மேடம், நான் ஒண்ணு செஞ்சேன். செஞ்சிருக்கக் கூடாது. உங்க முகத்தப் புதுசா மீட்டர்ல ஏத்தினாங்க. செய்தியில வந்த முகம், மேக்கப் இல்லாம, உங்க முழுப் பேரோட. தொண்ணூத்தி மூணு.”

“ஓ.”

“வைத்தீஸ்வரன் சாரவிட அதிகம். துக்கப்பட்ட முகத்த ஜனங்க நம்புவாங்களாம்.” மூக்கை உறிஞ்சினான். “அந்த வாக்கியத்தப் போட்டுப் பாத்தேன். பின்புறச் சரிவ அளக்கலங்கற வாக்கியத்த. உங்க குரல்லயே, உங்க ஊர் பேச்சுலயே. தொண்ணூத்தொண்ணு வருது மேடம்.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

“அப்படியா,” என்றாள்.

“இப்ப நீங்க எது சொன்னாலும் நம்புவாங்க. எல்லா ஆனாவோடயும் சொல்லலாம். திரும்ப வாங்க மேடம். வெட்டாம போடறேன். என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான்.”

“பாக்கலாம்,” என்று சொல்லி வைத்தாள்.

அவள் போகவில்லை. ஆனால் மஞ்சூத்துக்காரர்களுக்கு அரசாங்கம் மாற்று இடம் ஒதுக்கியபோது, இந்த அம்மா வந்து பார்த்துச் சொன்னால்தான் போவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குப் போனாள்.

இடம் இரண்டு மேடுகளுக்கு நடுவே இருந்தது. பழைய சீகை மரத் தோப்பை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள். கீழே ஒரு ஓடை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு லாரிகளில் கட்டில், பானை, தகரம், ஆடு எல்லாம் வந்து இறக்கக் காத்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் லாரியை விட்டு இறங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் இறங்கி வந்தாள். யோகேஸ்வரி என்று பெயர் சொன்னாள். கொழுந்து பறிப்பவள். காது மடலில் ஆறாத ஒரு தையல் இருந்தது.

“எம் பொண்ணு அந்த ரூமுலதான் இருந்துச்சு,” என்றாள், யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வது போல. “பெரியவன் என் பக்கத்துல இருந்தான். அவன் இருக்கான்.”

மங்கையர்க்கரசி இதற்காகத் தயார் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. “நான் அந்தப் பின்பக்கத்த அளக்காமலே உங்களப் போகச் சொல்லிட்டேம்மா,” என்றாள்.

“ஆமாங்க, மேடையில சொன்னீங்கன்னு சொன்னாங்க.” யோகேஸ்வரி முந்தானையால் முகத்தில் மழையைத் துடைத்தாள். “நீங்க சொல்லலன்னா நாங்க மேல் லைன்லயே கெடந்திருப்போம். மொத்தமாப் போயிருப்போம். இவனும் இருந்திருக்க மாட்டான். இங்க இருக்கலாமான்னு சொல்லுங்க மேடம். குளுருது, ஆட்டுக்கெல்லாம் குளுருது.”

அவள் மண்ணைப் பார்த்தாள். துளைபோட்டு எடுத்த மண்ணைக் கையில் உருட்டினாள். மேல் மேட்டில் ஏறி இறங்கினாள். எல்லாவற்றையும் தனக்கே உரிய நிதானத்தில் செய்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. மதியத்துக்கு மேல் யோகேஸ்வரி நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தாள். லாரியில் இருந்தவர்களும் இறங்கி வந்து வட்டமாக நின்றார்கள். அவர்கள் முகத்தில் சந்தேகமே இல்லை. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பல வாரங்களில் அவளுக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி அது.

வார்த்தைகளைத் தேர்ந்து சொன்னாள், சொந்தப் பேச்சில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு.

“மேல இந்தத் தட்டு பரவாயில்லன்னுதான் தெரியுது. இந்த வருச மழைக்குத் தாங்கும்னு நெனைக்கேன். ஆனா கீழ ஓடைப் பக்கம் நான் இன்னும் பாக்கல. அங்க மண்ணு வேற மாதிரி இருக்கு. நாளைக்கு அளந்துட்டுத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது.”

எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர்கூட வேறு பக்கம் பார்க்கவில்லை. யோகேஸ்வரி கடைசி வார்த்தைவரைக்கும் தலையாட்டினாள். பிறகு லாரியைப் பார்த்துத் திரும்பி, கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

“நல்ல எடமாம்! மேடம் சொல்லிட்டாங்க! எறக்குங்க!”

தகரங்கள் சத்தத்தோடு விழுந்தன. ஆடுகள் கீழே குதித்தன. ஆண்கள் கம்பும் கயிறுமாக நாலா பக்கமும் நடந்தார்கள்.

“நான் அப்படிச் சொல்லல,” என்றாள் மங்கையர்க்கரசி. “இந்தத் தட்டு மட்டுந்தான் சொன்னேன். ஓடைப் பக்கம் இல்ல.”

“சரிங்க மேடம்,” என்றாள் யோகேஸ்வரி, அன்பாக. அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பக்கத்தில் போன ஒரு முதியவரை நிறுத்தி அதையே சொன்னாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். இன்னொருவரிடம் சொன்னாள். நீங்க சொன்னாச் சரிங்க என்று அவர் தார்ப்பாயை உதறினார். தண்ணீர் கிட்டத்தில் இருக்கும், பாத்திரம் கழுவச் சௌகரியம் என்று இரண்டு குடும்பங்கள் கீழே பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தன.

அவள் அவர்களைத் தாண்டிக்கொண்டு இறங்கினாள். ஓடைக்கு மேலே, தோப்பு முடிந்து ஈர மண் தொடங்கும் இடத்தில் பாதை குறுகியது. ஒரு ஆள்தான் போகலாம். அவள் அங்கே, பாதைக்குக் குறுக்கே, சேற்றில் உட்கார்ந்தாள். புடவை நனைந்து குளிர் ஏறியது. பையைப் பக்கத்தில் வைத்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தவன் தலையில் கட்டிலோடு நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

“என்னங்க மேடம், ஒடம்புக்கு முடியலையா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு கட்டிலை இறக்காமலே மெல்லத் திரும்பி, பின்னால் இருந்தவர்களிடம் மேலே போகலாம் என்று தலையசைத்தான்.